நாற்பத்தேழாம் பக்கத்துச் சீட்டு

1. கவுன்ட்டரில் விழுந்த புத்தகம்

அன்று திங்கட்கிழமை. ஜமுனாமரத்தூரில் நம் கடை முன்னால் காலையிலேயே கூட்டம். சாதிச் சான்றுக்கு அப்ளை பண்ண வந்தவர்கள், ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்தவர்கள், காலேஜ் அப்ளிகேஷன் போட வந்த பிள்ளைகள். ஜெராக்ஸ் மெஷின் சூடாகி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பக்கத்து ஊர் வெள்ளச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஸ்பைரல் போட்ட ஒரு புத்தகத்தை கவுன்ட்டர் கண்ணாடிமேல் தொப்பென்று போட்டார்.

"ஏண்ணா, இது உன் கடையில போட்டதுதான?"

எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'பூங்கொடி ஜெராக்ஸ்' என்று இருந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆமாம்மா. நம்ம கடைதான்."

"இத பாத்துதான் என் மாட்டுக்கு மருந்து போட்டோம். கால் வெந்து கீது. நாலு நாளா கால ஊனல. இதுக்கு இன்னா சொல்ற?"

பின்னால் நின்றிருந்த ஒருவர் சும்மா இருக்கவில்லை. "இன்னா கோயிந்தா, மாட்டு டாக்டரும் ஆயிட்டியா? ஊசியும் நீயே போடுவியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளச்சி சிரிக்கவில்லை. கறவையில் இருந்தது அவரிடம் அந்த ஒரு மாடுதான். காலையும் மாலையும் அந்தப் பாலைத்தான் சொசைட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

பூங்கொடி, அப்போது நீ ஏழாவது படித்தாய். உன் தம்பி சரண் அதைவிடச் சின்னவன். அன்று நான் பாதி நாளில் ஷட்டரை இறக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இத்தனை வருஷத்தில் அப்படி இறக்கியது அந்த ஒரு தடவைதான். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய நேரம் இப்போது வந்திருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

2. சுத்தமாக எடுத்த ஸ்கேன்

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். போளூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு நம் மலையிலேயே கடை வைத்தேன். எனக்குத் தொழிலில் ஒரு பெருமை உண்டு. கீழே டவுனில் எடுத்த காப்பியையும் நான் எடுத்த காப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஓரத்தில் கறுப்புப் பட்டை விழாது. எழுத்து சாயாது. பழைய தாளின் மஞ்சள் இறங்காது. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி எடுப்பேன்.

அந்த மாட்டுப் புத்தகம் இங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் இருந்தது. பச்சை அட்டை. தொண்ணூற்றாறு பக்கம். மலையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வருகிற நோய், அதற்குச் செய்ய வேண்டிய முதலுதவி, எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் நாம் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கும். எந்தக் கடையிலும் கிடைக்காது. அச்சடித்த பதிப்பகத்தையே மூடிவிட்டார்கள் என்று வாத்தியார் சொன்னார். தனக்கு ஒரு காப்பி வேண்டும், ஒரிஜினல் கிழிந்துகொண்டே வருகிறது என்று கொண்டுவந்தார்.

இரவல் புத்தகத்தைத் தையல் பிரித்து, தாள் தாளாக மெஷினுக்குள் விட முடியாது. ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்த்து, அமுக்கிப் பிடித்து ஸ்கேன் பண்ணினேன். இரண்டு மத்தியானம் ஆயிற்று. எடுக்க எடுக்கப் படித்துப் பார்த்தேன். இது ஒரு வாத்தியார் வீட்டு அலமாரியில் கிடக்க வேண்டிய புத்தகமா என்று தோன்றியது. ஊர் ஊருக்குப் போக வேண்டிய புத்தகம்.

இங்கே மூன்று காரியம் செய்தேன். மூன்றையும் நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்தபோது நடுவில் ஒரு நிழல் விழுந்தது. பார்த்தால் விரல் நகம் அளவுக்குப் பழுப்பேறி மங்கிய ஒரு காகிதத் துண்டு, பாதி ஒட்டியும் பாதி தூக்கிக்கொண்டும் இருந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் உரித்தேன். அடியில் இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. துண்டை ஊதிவிட்டுப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். மறைந்துபோயிருந்த எழுத்தை மீட்டுவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

அடுத்தது, முதல் தாள். அதில் ஏதோ சீல், யாரோ பேனாவால் கிறுக்கியது, பொடி எழுத்தில் பேரும் அட்ரஸும். அசிங்கமாக இருக்கிறது என்று ஃபைலிலிருந்து தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் 'அன்புடன் வழங்குவது: பூங்கொடி ஜெராக்ஸ், ஜமுனாமரத்தூர்' என்று பூ பார்டர் போட்டு ஒரு பக்கம் செய்து சேர்த்தேன்.

கடைசியாக, அந்த பிடிஎஃப்பை வாட்ஸப் குரூப்பில் போட்டேன். "நம் மலை மக்களுக்காக" என்று எழுதிப் போட்டேன். யாரோ அதை வேறு குரூப்பில் போட்டார்கள். இன்னும் யாரோ ஏதோ ஒரு வெப்சைட்டில் ஏற்றினார்கள். டவர் கிடைக்காத ஊர்க்காரர்கள் கடைக்கே வந்து பிரிண்ட் எடுத்துப் போனார்கள். எழுபது காப்பிக்கு மேல் ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன்.

யாரிடமாவது கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடையில் விற்கிற புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தால் எழுதினவருக்கு நஷ்டம். அது எனக்கும் தெரியும். கைடு, நோட்ஸ் முழுசாகக் காப்பி எடுக்க வந்தால் அப்போதே வேண்டாம் என்று சொல்வேன். இதுதான் எங்கேயும் கிடைக்காத புத்தகம் ஆயிற்றே! கிணற்றில் விழுந்ததைத் தூக்கிக் கொடுத்தவனைத் திருடன் என்பார்களா? இப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் இந்த நியாயத்தில் பாதி சரி என்றுதான் சொல்வேன்.

3. மாட்டின் கால்

வெள்ளச்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். ஆறு கிலோமீட்டர்.

கொட்டகையில் மாடு மூன்று காலில் நின்றது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடியே இருந்தது. குளம்பு இடுக்கில் தோல் உரிந்து சதை தெரிந்தது. ஈ மொய்க்காமல் இருக்க மருமகள் வேப்பந்தழையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

"கோமாரி வந்து கால்ல புண்ணு. புஸ்தகத்துல மயில்துத்தம் கரைச்சு கழுவச் சொல்லி இருந்துச்சு" என்றாள் மருமகள். "நான்தான் படிச்சேன். லிட்டருக்கு நூறு கிராம்னு போட்டு இருந்துச்சு. ரெண்டு தடவ படிச்சிட்டுத்தான் போட்டேன்."

"எனக்கு எழுத்து தெரியாது" என்றார் வெள்ளச்சி. "ஒருத்தன் வாயில சொன்னா சந்தேகப்படுவேன். எழுத்துல கீதுன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்."



அரசாங்க மாட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் பண்ணினேன். நல்ல மனிதர், மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். காலைச் சுத்தத் தண்ணீரில் கழுவி, மருந்து தடவி, ஊசி போட்டார். பிறகு அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"நூறு கிராமா? புண்ணு மேல இதப் போட்டா வெந்துதான்யா போகும். யார் எழுதினது இது?"

"தெரியல சார்."

டாக்டர் முதல் பக்கத்தைத் திருப்பினார். பூ பார்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உன் கடை பேருதான போட்டிருக்கு?" என்றார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அவர் திட்டவே இல்லை. ஆனால் அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

மாடு பிழைக்கும், ஆனால் நடக்க நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் தெரியுமா? புத்தகத்தை எழுதினவர்மேல். தப்பாக எழுதி வைத்து, ஒரு குடும்பத்தின் மாட்டைப் படுக்க வைத்துவிட்டாரே என்று. நேராக வாத்தியாரிடம் போய் ஒரிஜினலை வாங்கினேன். ஃபைலிலிருந்து நான் தூக்கி எறிந்த முதல் தாளை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். 'சரோஜா, கால்நடை ஆய்வாளர்' என்று பேர். கணியம்பாடி அட்ரஸ். அதற்குக் கீழே ஒரு வரி: 'படிப்பவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் இந்த முகவரிக்கு எழுதிக் கேட்கவும்.'

வெள்ளச்சியின் மருமகள் இரண்டு தடவை படித்துப் பார்த்தாளே, அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தால் யாரைக் கேட்டிருப்பாள்? கேட்க வேண்டியவரின் அட்ரஸை நான் அழுக்கு என்று எடுத்துவிட்டேன்.

4. கணியம்பாடியில் கேட்டது

மறுநாள் அமிர்தி வழியாகக் கீழே இறங்கினேன். பழைய அட்ரஸ்தான், ஆனால் ஆள் மாறவில்லை. பஸ் ஸ்டாப்பில் கேட்டதுமே, "மாட்டாஸ்பத்திரி அம்மாவா? அந்தச் சந்துல மூணாவது வூடு" என்றார்கள்.

எழுபது வயசு இருக்கும். வாசலில் உட்கார்ந்து குக்கர் கைப்பிடிக்கு ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் ஜமுனாமரத்தூர்லேந்து வர்றேன். நீங்க எழுதுன மாட்டுப் புஸ்தகத்துல ஒரு தப்பு கீதுங்க. அத பாத்து மருந்து போட்டு ஒரு மாட்டுக்குக் கால் வெந்துபோச்சு."

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "மாடு இப்ப எப்படி கீது? டாக்டர் பாத்தாரா?"

சொன்னேன். பிறகுதான் கேட்டார். "எந்தப் பக்கம்?"

"நாப்பத்தேழு."

"நாப்பத்தேழுல தப்பு கீதுன்னு எனக்கும் தெரியும். அதான் சீட்டு ஒட்டியாச்சே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் உள்ளே போய்த் தன் புத்தகத்தை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். அந்த வரியில், விரல் நகம் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் '10 கிராம்' என்று அச்சடித்திருந்தது.

"பிரஸ்ல ஒரு சைபர் ஜாஸ்தி போட்டுட்டாங்க. அட்டையெல்லாம் போட்டு வந்தப்புறம்தான் பாத்தேன். ஐந்நூறு காப்பி. திருப்பி அடிக்கிறதுக்கு ஒத்துக்கல. மொத்தத்தையும் வூட்டுக்கு எடுத்தாந்தேன். மாவுல பசை காய்ச்சி, நானும் எங்கூட்டுக்காரரும் ஒக்காந்து மூணு நாள் ஒட்னோம். ஒட்டாத காப்பி ஒண்ணுகூட இந்த வாசப்படிய தாண்டல. நீ எங்கேந்து எடுத்த, சீட்டு இல்லாத காப்பி?"

அப்போதுதான் எனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. நகத்தால் உரித்தது. ஊதிவிட்டது. எழுத்து பளிச்சென்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டது. இருபத்தைந்து வருஷம் பிடித்துக்கொண்டிருந்த பசை, என் கையில்தான் விட்டிருக்கிறது.

பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? ஆனால் தப்பு அவருடையது என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வந்த காலோடு பொய்யும் சொல்ல மனசு வரவில்லை.

"நான்தாம்மா உரிச்சேன். அழுக்குன்னு நெனச்சேன்."

 அவர் என் கையில் இருந்த ஸ்பைரல் காப்பியை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"பூங்கொடி யாரு?"

"எம் பொண்ணும்மா."

"புஸ்தகம் எழுதுனது உன் பொண்ணா?"

தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் என் நியாயத்தையும் சொன்னேன். "புஸ்தகம் எங்கியும் கெடைக்கலம்மா. பதிப்பகமே மூடிட்டாங்கன்னு சொன்னாங்க. நாலு பேருக்கு உதவுமேன்னுதான் போட்டேன். இதுல ஆருக்கு நஷ்டம்னு நெனச்சேன்."

"பதிப்பகம் மூடிட்டாங்க. நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றார். "நாலு பேரு படிக்கிறது எனக்குச் சந்தோசம் இல்லியா? அந்த மலையில நான் நடக்காத ஊரு கெடையாது. கால்ல அட்டை கடிக்கக் கடிக்க நடந்து எழுதுனது. அது அலமாரியில கெடக்கட்டும்னா சொல்லுவேன்? என்னக் கேட்டிருந்தா சீட்டோட குடுத்திருப்பேன். நீ கேக்கல. அதோட நிக்காம, ஆரும் என்னக் கேக்க முடியாதபடி என் அட்ரஸையும் பிச்சிட்ட."

 இனி என்ன செய்யட்டும் என்று கேட்டேன். இப்போது அனுமதி கொடுத்தால், திருத்தி மறுபடி போடுகிறேன் என்றேன்.

"அனுமதி அப்புறம். மொதல்ல நீ குடுத்த காப்பி எல்லாத்துலயும் சீட்டு ஒட்டிட்டு வா. ஒவ்வொண்ணுலயும். உன் கையால."

5. ஊர் ஊராக ஒட்டியது

ஒரு ஏ-ஃபோர் தாளில் '10 கிராம்' என்று வரிசை வரிசையாக அடித்து, கத்தரிக்கோலால் வெட்டினேன். உன் அம்மாவும் வெட்டினாள். நீயும் எதற்கென்று கேட்காமலே நான்கு வெட்டிக் கோணலாக்கினாய். ஒரு கம் டப்பா, சீட்டுப் போட்ட தீப்பெட்டி, வண்டி. மத்தியானம் வரைக்கும் கடை, அதற்குமேல் உன் அம்மாவைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஊர்கள்.

யாருக்குக் கொடுத்தேன் என்று எழுதி வைக்கவில்லை. ஞாபகத்தில் இருந்தவர்களிடம் முதலில் போனேன். அவர்கள் அடுத்தவரைச் சொன்னார்கள். சாமை அறுப்பு நேரம், வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள். சாமைக் கொல்லைக்கே போய்க் கேட்பேன். போகிற இடமெல்லாம் கிண்டல்தான்.

"இன்னா கோயிந்தா, போன மாசம் எடுத்த பட்டா காப்பியிலயும் சீட்டு ஒட்டணுமா? ஒரு சைபர் ஜாஸ்தி போடு, எனக்குப் பத்து ஏக்கர் ஆகட்டும்" என்றார் ஒருவர்.

இன்னொருவர் புத்தகத்தைக் கொடுக்கவே மாட்டேன் என்றார். "குடுத்தா திருப்பித் தரமாட்ட. இதுல எழுதி இருந்தத பாத்துதான் என் கன்னுக்குட்டி பொழச்சுது" என்றார். அவர் கையில் பிடித்திருக்க, நான் பக்கத்தைத் திருப்பி ஒட்டினேன். இதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தால் பிழைத்த மாடுகளும் இருக்கின்றன. நான் எடுத்துக் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கன்றுக்குட்டி என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வாங்கின ஸ்பைரல் கணக்குப்படி ஆறு காப்பி மட்டும் கிடைக்கவில்லை. ஒன்று மழையில் நனைந்து போயிற்று என்றார்கள். மற்றதைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. தாளில் இருப்பதைத் தேடிப் போய் ஒட்டலாம். போனில் இருப்பதை என்ன செய்வது? குரூப் குரூப்பாகத் தப்பைச் சொல்லிப் போட்டேன். என் குரலிலேயே பேசியும் அனுப்பினேன். போய்விட்ட பிடிஎஃப்பைத் திருப்பி வாங்குகிற மெஷின் எங்கள் தொழிலில் கிடையாது.

கடைசியாக வெள்ளச்சி வீடு. அன்று சரோஜா அம்மாவும் பஸ் ஏறி மலைக்கு வந்திருந்தார். மாட்டைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லி வந்தார். கொட்டகையில் குனிந்து, குளம்பைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். மாடு உதைக்கவில்லை. புது தோல் வந்துகொண்டிருந்தது.

வெள்ளச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "நீங்கதான் எழுதுனதா? எழுதறவங்க சரியா எழுதமாட்டீங்களா?"

"நான் சரியாத்தான் எழுதுனேன்மா. அச்சடிச்சவங்க தப்பா அடிச்சாங்க. நான் சீட்டு ஒட்னேன். இவரு உரிச்சாரு."

"நல்லா கீதே. படிச்சவங்க மூணு பேரு கூடி என் மாட்டுக் கால்ல வெச்சீங்களா?"

சரோஜா அம்மா சிரித்துவிட்டார். வெள்ளச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு வரைக்கும் அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. அன்று டீ கொடுத்தார்கள்.

வெள்ளச்சியின் காப்பியை வாங்கி, சீட்டில் கம் தடவினேன். "இரு" என்றார். "இன்னா எழுதி கீது? படி."

"பத்து கிராம்."

மருமகள் பக்கம் திரும்பினார். "நீ படி."

"பத்து கிராம்தான் அத்தே."

சரோஜா அம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"பத்து."

"ஒட்டு" என்றார். ஒட்டினேன். அதன்மேல் தன் கட்டை விரலை வைத்து, பசை காயும் வரைக்கும் அமுக்கிக்கொண்டே நின்றார்.

6. கையெழுத்தோடு வந்த புத்தகம்

அதற்கப்புறம்தான் அனுமதி கிடைத்தது. சரோஜா அம்மா கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் அது. லாமினேஷன் பண்ணிக் கடையில் மாட்டியிருக்கிறேன். சாமி படம் என்று நினைத்துச் சிலர் கும்பிட்டுக்கூட இருக்கிறார்கள்.

பதிப்பகத்திடம் உரிமை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று அவரே பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு பதிப்புக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார். "எனக்குக் காசு வேணாம்னு பெரிய மனுசி மாதிரி சொல்லமாட்டேன். காப்பிக்குப் பத்து ரூபா குடு. நடந்த நடைக்கு" என்றார். கொடுக்கிறேன்.

புதுக் காப்பிக்கு மறுபடி எல்லாப் பக்கத்தையும் அவருடைய புத்தகத்திலிருந்து எடுத்தேன். நாற்பத்தேழாம் பக்கம் வந்தபோது, "கம்ப்யூட்டர்ல அந்தச் சீட்டு ஓரத்த அழிச்சிடறேம்மா, ஒட்டுன அடையாளமே தெரியாது" என்றேன்.

"அழி. ஆனா கீழ எழுது. இங்க ஒரு தப்பு இருந்துச்சு, திருத்திட்டோம்னு. பழசு வெச்சிருக்கறவங்க பாத்துத் திருத்திக்கட்டும். தெரியாத மாதிரி திருத்துனா திருத்துனதுக்கு இன்னா பிரயோசனம்?"

அப்படியே எழுதினேன். முதல் தாளில் அவர் பேர், அட்ரஸ், இப்போது போன் நம்பரும் சேர்த்து. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'ஆசிரியர் அனுமதியோடு படி எடுத்தது: பூங்கொடி ஜெராக்ஸ்' என்று போட்டுக்கொள்ள விட்டார். ஒடுகத்தூர், படவேடு பக்கத்திலிருந்தெல்லாம் அந்தப் புத்தகத்தைக் கேட்டு ஆள் வருகிறார்கள். வெள்ளச்சியே இரண்டு பேரை அனுப்பினார். பத்தாவது படித்தவன் கடையிலிருந்து, எழுதினவர் கையெழுத்தோடு ஒரு புத்தகம் வெளியே போகிறது. எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டியதில்லை.

இப்போதும் பிள்ளைகள் டவுன்லோட் பண்ணின புத்தகங்களைக் கொண்டுவந்து பிரிண்ட் கேட்பார்கள். "முதல் பக்கம் எங்க?" என்று கேட்பேன். அதில் இருக்கிறவர்களைத் தேடுவோம், போன் பண்ணுவோம். சிலர் தாராளமாக எடுத்துக்கொள் என்பார்கள். சிலர் வேண்டாம், அடுத்த பதிப்பு வருகிறது என்பார்கள். ஒரு தடவை ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வந்தது. எழுதினவர் இறந்துவிட்டார், பதிப்பகம் இல்லை, குடும்பத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு மாசம் தேடிப் பார்த்துவிட்டு, கேட்ட பிள்ளைக்கு மட்டும் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தேன், முதல் தாளோடு. ஃபைலை வைத்துக்கொள்ளவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தெரியாது. சட்டம் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். தேடினேன் என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

தொழிலில் நான் கற்றது இதுதான். கடையில் இல்லாத புத்தகம் என்றால் ஆள் இல்லாத புத்தகம் என்று அர்த்தம் இல்லை. அதைக் காப்பாற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் கேட்காமல் காப்பாற்றப் போனால், எதைக் காப்பாற்றுகிறோம், எதை உரித்து எறிகிறோம் என்று நமக்கே தெரியாது.

பூங்கொடி, இதை இப்போது எழுதுகிற காரணத்தைச் சொல்கிறேன். போன வாரம் நீ போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். "அப்பா, ஏதோ சைட்ல ஃப்ரீயா நம்ம மாட்டுப் புக் கெடைச்சுது. நம்ம கடை பேரு, என் பேரு போட்டிருக்கு பாரு!" என்று சந்தோஷமாகக் காட்டினாய். பூ பார்டர் அப்படியே இருந்தது. என் முகம் ஏன் மாறியது என்று கேட்டாய். நான் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். நூறு கிராம் அங்கேயே இருந்தது. அந்த சைட்காரருக்கு எழுதியிருக்கிறேன். எடுப்பார்களோ மாட்டார்களோ.

அதனால் நீயும் சரணும் உங்கள் சிநேகிதர்களும் அந்தப் புத்தகத்தை எங்கே பார்த்தாலும் முதல் பக்கத்தைப் பாருங்கள். அதில் பூங்கொடி என்று இருந்தால் அது தப்பான புத்தகம், அழித்துவிடுங்கள். சரோஜா என்று இருந்தால் அது சரியான புத்தகம். உன் பேர் அதிலும் இருக்கிறது, அம்மா. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், இருக்க வேண்டிய இடத்தில்.